பாதி மூட்டா, முழு மூட்டா? மறு ஆபரேசன் கணக்கும் போடி மலைச்சரிவும்

1/
"டாக்டர் தம்பி, பாதி மூட்டு வச்சா திரும்ப ஆபரேசன் பண்ண வேண்டி வருமாமே? முழுசா மாத்திட்டா அந்தத் தொல்லையே இல்லைங்குறாங்க. நெசமா?"

போன மாதம் என்னிடம் ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளி அம்மா கேட்ட கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 130 வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் "ரெண்டு மடங்கு மறு ஆபரேசன்" என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தப்பாகிப் போகலாம். கொஞ்சம் நீளமான இழை. டீ ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு வாங்க.

(ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் பொது மருத்துவர், எலும்பு சர்ஜன் இல்லை. ஆபரேசனுக்கு முன்னும் பின்னும் மக்கள் வந்து உட்காரும் நாற்காலிக்கு எதிர் நாற்காலி என்னுடையது.)

2/
முதலில் ஊர். போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். தூக்குச்சட்டியும் சாக்கும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளா. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை என்று தோட்டம் தோட்டமாக இறங்குவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள்.

ஏலக்காய் மிளகு மாதிரி மேலே கொடியில் காய்க்காது. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையை ஒட்டிப் படரும். காய் அதில்தான். அதனால் எடுப்பு வேலை முழுக்கக் குனிந்தோ, குத்தவைத்தோதான். அதுவும் சரிவில், மழை ஈரத்தில்.

3/
இப்போ முட்டிக்குள் போவோம். ஜெர்மனியின் பெர்லினில் ஒரு குழு சில நோயாளிகளுக்குச் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்து, முழங்காலில் விழும் பாரத்தை நேரடியாக அளந்தது. 2010ல் வந்த முடிவு இது. சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு.

அதாவது 60 கிலோ உள்ள ஒருவர் ஒவ்வொரு படி இறங்கும்போதும் முட்டியில் 200 கிலோவுக்கு மேல் விழுகிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைத் தின்னும். "ஏறிடுவேன் தம்பி, எறங்கத்தான் உசுரு போகுது" என்று மலைவேலைக்காரர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை என்று புரிகிறதா?

4/
முழங்கால் ஒரே மூட்டு மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று அறை. உள்பக்கம், வெளிப்பக்கம், முன்னால் முட்டிச்சில்லுக்கு அடியில் ஒன்று. நடக்கும்போது எடையின் பெரும்பங்கு உள்பக்கத்துக்குப் போகும். அதனால் நம் ஊரில் தேய்மானம் பெரும்பாலும் உள்பக்கம்தான் தொடங்கும். கால் வில் மாதிரி வளையும்.

தேய்ந்த அந்த ஒரு அறையை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் தசைநார்களையும் அப்படியே விடுவது பகுதி மூட்டு மாற்று. மக்கள் மொழியில் பாதி மூட்டு. எல்லா மேற்பரப்பையும் சீவி எடுத்து உலோகமும் பிளாஸ்டிக்கும் வைப்பது முழு மூட்டு மாற்று.

வைத்ததை பின்னால் திறந்து, ஒரு பாகத்தையாவது மாற்றினால், எடுத்தால், புதிதாகச் சேர்த்தால் அது மறு ஆபரேசன். டாக்டர்கள் ரிவிஷன் என்போம்.

5/
அந்த அம்மாவுக்கு 56 வயது. உள்பக்கம் மட்டும் தேய்மானம், தசைநார் நல்லா இருக்கு, பகுதி மூட்டு போதும் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ரெண்டு மடங்கு திரும்ப ஆபரேசன் வருதுன்னு போட்டிருக்கு, வேணாம்" என்கிறான். துணைக்கு வந்திருந்த ஓரகத்தி, 64 வயது. எட்டு வருடம் முன்பு முழு மூட்டு மாற்றியவர். ஒன்றும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்க. கடைசியில் அவரிடம்தான் வரப்போகிறோம்.

மகன் பார்த்த எண் பொய்யில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

6/
1890, பெர்லின். தெமிஸ்டோக்லஸ் க்ளக் என்ற சர்ஜன். காசநோய் அரித்த முழங்காலுக்கு யானைத் தந்தத்தில் கீல் செய்து வைத்தார். எலும்பில் ஒட்ட பசை வேண்டுமே? பிளாஸ்டர், பைன் மரப் பிசின், நுரைக்கல் தூள் கலந்த ஒரு கலவை. அந்தக் காலத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத துணிச்சல்.

ஆனால் மூட்டுக்குள் காசநோய்க் கிருமி அப்படியே இருந்தது. சில காலம் நன்றாக இருந்தவை பின்னால் சீழ் பிடித்தன. நோய்த்தொற்று உள்ள மூட்டில் இது கூடாது என்று க்ளக்கே சொல்லும் நிலை வந்தது. அதே ஆண்டு பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் அவர் இதைப் பேசவிடாமல் மேலதிகாரி பெர்க்மன் தடுத்தார். செயற்கை மூட்டு பிறந்த போதே அதன் தோல்வியும் கூடவே பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய முன்னேற்றம் இல்லை.

7/
1950களில் மறுபடி தொடங்கினார்கள். ஸ்வீடனில் வால்டியஸ் 1951ல், இங்கிலாந்தில் ஷியர்ஸ் 1954ல். இரண்டுமே கதவுக் கீல் மாதிரியான மூட்டுகள்.

ஆனா முழங்கால் கதவு இல்லையே! மடங்கும்போது உருளும், வழுக்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். ஒரே அச்சில் மட்டும் அசையும் கீலை வைத்தால் அந்தத் திருகல் எல்லாம் எலும்பில் போய் இறங்கும். கீல் பிடிப்பு விட்டுப்போகும். கிருமியும் சேர்ந்துகொள்ளும். எடுத்தால் மறுபடி வைக்க எலும்பு மிச்சம் இருக்காது. அந்தக் காலத்தில் தோற்றுப்போன மூட்டை எடுத்துவிட்டு, காலை மடக்கவே முடியாதபடி எலும்பை எலும்போடு சேர்த்து விடுவதுதான் கடைசி வழியாக இருந்தது.

8/
இன்னொரு பக்கம் 1950களின் கடைசியில் கனடாவில் மெக்கின்டாஷ், அமெரிக்காவில் மெக்கீவர் வேறு மாதிரி யோசித்தார்கள். முழு மூட்டையும் ஏன் தொட வேண்டும்? தேய்ந்த பக்கத்தில் மட்டும் ஒரு தகடு வைத்தால் என்ன?

இதைக் கவனியுங்க. "பாதி மூட்டு" ஏதோ நேற்று வந்த புது ஃபேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நாம் வைக்கும் முழு மூட்டைவிட அந்த யோசனை மூத்தது.

9/
அடுத்த பெரிய படி இடுப்பிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி கண்டார். உலோகம், அதற்கு எதிரே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், இரண்டையும் எலும்பில் பிடிக்க அக்ரிலிக் சிமெண்ட். க்ளக்கின் பிசின் கலவை செய்ய முடியாததை இந்தச் சிமெண்ட் செய்தது.

அவரிடம் வேலை பார்க்க வந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் அதை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1968ல் அவர் வைத்த மூட்டில் கீல் கிடையாது. தொடை எலும்பின் இரண்டு பக்கமும் அரைவட்ட உலோகத் தகடு, கீழே பிளாஸ்டிக் தடம். தசைநார்கள் அப்படியே இருந்தன. முட்டி தன் போக்கில் உருளலாம்.

10/
பிறகு நியூயார்க். ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத் என்ற இரண்டு சர்ஜன்கள், பீட்டர் வாக்கர் என்ற பொறியாளர். 1974ல் இவர்கள் கொண்டுவந்த 'டோட்டல் காண்டைலர்' தான் இன்றைய முழு மூட்டுகளின் தாத்தா.

ரணாவத் நம்ம நாட்டுக்காரர், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் ஒரு முட்டியும் 2001 ஜூனில் இன்னொன்றும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியது இவர்தான். நாடே பேப்பரில் படித்தது. "மூட்டு மாத்துறது" என்ற சொல் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்ததில் அந்த ஆபரேசன்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

11/
முழு மூட்டு ஜெயித்துக்கொண்டிருந்த அதே 1970களில் பாதி மூட்டு அடி வாங்கியது. அதே நியூயார்க் குழுவின் பகுதி மூட்டு முடிவுகள் மோசமாக வந்தன. காரணங்கள் இன்று நமக்குப் புரிகிறது. பிளாஸ்டிக் மெலிசு, சீக்கிரம் தேய்ந்தது. யாருக்கு வைக்கலாம், யாருக்குக் கூடாது என்ற தெளிவு இல்லை. காலை எவ்வளவு நேராக்க வேண்டும் என்ற கணக்கும் பிடிபடவில்லை. நிறைய சர்ஜன்கள் பாதி மூட்டைக் கைவிட்டார்கள்.

கைவிடாதவர்களில் இரண்டு ஜான்கள் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெல்லோ என்ற சர்ஜன், ஜான் ஓ'கானர் என்ற பொறியாளர். நடுவில் உள்ள பிளாஸ்டிக் துண்டை ஒட்டாமல், முட்டியோடு சேர்ந்து நகரும்படி விட்டார்கள். 1976ல் முதலில் பயன்படுத்தி, 1982 முதல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு என்று வைக்கத் தொடங்கினார்கள்.

12/
இப்போ கதையின் முக்கியமான திருப்பம். அது ஆபரேசன் தியேட்டரில் நடக்கவில்லை. ஒரு பதிவேட்டில் நடந்தது.

1975ல் ஸ்வீடன் நாடு முழுவதும் வைக்கப்படும் ஒவ்வொரு செயற்கை முழங்காலையும் எழுதிவைக்கத் தொடங்கியது. உலகிலேயே முதல் தேசிய மூட்டுப் பதிவேடு. பின்லாந்து, நார்வே, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பின்தொடர்ந்தன. இங்கிலாந்து 2003ல் தொடங்கியது. மோசமான மாடல் எது என்று பதிவேடுகள் கண்டுபிடித்தன. கம்பெனி விளம்பரத்தை நம்ப வேண்டிய நிலை மாறியது. எத்தனையோ லட்சம் பேரின் முட்டியை இந்தக் கணக்குப் புத்தகங்கள் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனால் எதை எண்ணுவது? வலியை எண்ண முடியாது. மறு ஆபரேசனை எண்ணலாம். தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். அதனால் "மறு ஆபரேசன் நடந்தால் தோல்வி, நடக்காவிட்டால் வெற்றி" என்ற கணக்கு நிலைத்துவிட்டது.

13/
அந்தக் கணக்கில் பாதி மூட்டு எப்போதும் பின்தங்கியே நின்றது. பெரிய ஆய்வு 2014ல் லான்செட் இதழில் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலிருந்து ஒத்த வயது, ஒத்த உடல்நிலை உள்ள 1,01,330 பேரை ஒப்பிட்டார்கள். 8 வருடத்தில் பாதி மூட்டுக்காரர்களின் மறு ஆபரேசன் வாய்ப்பு 2.12 மடங்கு. மகன் போனில் பார்த்த "ரெண்டு மடங்கு" இந்த வகை எண்தான்.

அதே ஆய்வின் அடுத்த பக்கத்தை யாரும் பகிர்வதில்லை. பாதி மூட்டுக்காரர்களில் உயிரிழப்பு, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு எல்லாம் குறைவு. ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது: முழு மூட்டு வைக்கவிருந்த 100 பேருக்குப் பாதி மூட்டு வைத்தால், முதல் 4 வருடத்தில் சுமார் 3 மறு ஆபரேசன் கூடும், சுமார் 1 உயிரிழப்பு குறையும். இந்தத் தராசில் எந்தத் தட்டு கனம் என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

14/
சரி, ஏன் இரண்டு மடங்கு? பாதி மூட்டு நிஜமாகவே அவ்வளவு மோசமா?

2010ல் குட்ஃபெல்லோவும் ஓ'கானரும் சக சர்ஜன் மரேயும் நியூசிலாந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பதிவேட்டில் ஒரு சிறப்பு: ஆபரேசன் முடிந்து 6 மாதத்தில் நோயாளியையே 12 கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 48. வலி எப்படி, நொண்டுகிறீர்களா, மண்டியிட்டு எழ முடிகிறதா, படி இறங்க முடிகிறதா என்ற மாதிரிக் கேள்விகள்.

20க்குக் கீழே எடுத்தவர்களை மட்டும் பிரித்தார்கள். அதாவது ஆபரேசன் ஆகியும் ரொம்பக் கஷ்டப்படுபவர்கள். அவர்களில் பாதி மூட்டுக்காரர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு மறு ஆபரேசன் செய்யப்பட்டது. முழு மூட்டுக்காரர்களில்? சுமார் 12 சதவீதம் பேருக்கு மட்டும்.

15/
ஒரு நிமிசம் நிறுத்தி யோசிங்க. ஒரே அளவு கஷ்டம். ஒரு பக்கம் 100ல் 63 பேருக்கு மறுபடி கதவு திறந்தது. இன்னொரு பக்கம் 12 பேருக்கு. மிச்சம் 88 பேர்? வலியோடு வீட்டில் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் எல்லாரும் வெற்றிக் கணக்கு!

காரணம் எளிது. பாதி மூட்டில் எலும்பு பெரும்பாலும் மிச்சமிருக்கும். வலி என்று வந்தால் "முழுசா மாத்திடலாம்" என்று சர்ஜன் துணிவார். முழு மூட்டைத் திரும்பத் திறப்பது பெரிய வேலை. எலும்பு குறைந்திருக்கும், நீளத் தண்டு வைத்த மூட்டு வேண்டும், செலவு அதிகம், ஆபத்து அதிகம். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று சொல்லத்தான் தோன்றும்.

16/
போடிக்காரர்களுக்குப் புரியும்படி சொல்றேன். ஏலக்காய் ஏல மையத்தில் ஒரு லாட் விற்காமல் திரும்பிப் போகிறது. உடனே "காய் மட்டம்" என்று சொல்வோமா? விலை கட்டுப்படியாகவில்லை என்று தோட்டக்காரர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவரிடம் அடுத்த ஏலம் வரை தாக்குப்பிடிக்கக் காசு இருக்கு. கடன்காரர் நெருக்கும் சின்ன விவசாயி, விலை பிடிக்காவிட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் போவார். திரும்பிப் போன லாட் எண்ணிக்கை காயின் தரத்தையும் சொல்லும், யாருக்குத் திருப்பி எடுக்கும் வசதி இருந்தது என்பதையும் சொல்லும். மறு ஆபரேசன் எண்ணும் அப்படித்தான்.

17/
இதைக் கேட்டதும் "அப்போ பாதி மூட்டே வச்சிடலாம், சரியில்லைன்னா ஈசியா முழுசா மாத்திக்கலாம்" என்று கிளம்பிவிடாதீங்க. இந்த வாக்குறுதியைச் சிலர் ரொம்ப லேசாகக் கொடுக்கிறார்கள்.

அதே நியூசிலாந்தில், அதே 2010ல் வந்த இன்னொரு ஆய்வு. பாதி மூட்டிலிருந்து முழு மூட்டுக்கு மாற்றப்பட்டவர்களை, முதலிலேயே முழு மூட்டு வைத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்றியவர்களுக்கு மறுபடியும் ஆபரேசன் தேவைப்பட்டது சுமார் 4 மடங்கு. சராசரி மதிப்பெண்ணும் 37 இருக்க வேண்டிய இடத்தில் 30.

நார்வே 2016ல் வேறு ஒப்பீடு செய்தது: பாதியிலிருந்து முழுசுக்கு மாறிய 578 முட்டி, முழுசிலிருந்து மறுபடி முழுசுக்கு மாறிய 768 முட்டி. 10 வருடம் தாக்குப்பிடித்தவை 82 சதவீதமும் 81 சதவீதமும். கிட்டத்தட்ட ஒன்றேதான். பாதி மூட்டைத் திறப்பது சர்ஜனுக்குச் சுலபம். நோயாளிக்குக் கிடைக்கும் பலன் அந்த அளவுக்குச் சுலபமாகக் கூடிவிடவில்லை.

18/
அப்போ முடிவாக என்ன தெரியும்? 2019ல் இரண்டு நல்ல விடைகள் வந்தன. இரண்டுமே லான்செட்டில்.

ஒன்று, எவ்வளவு காலம் உழைக்கும்? ஆஸ்திரேலிய, பின்லாந்து பதிவேடுகளை வைத்துப் பார்த்ததில், முழு மூட்டில் சுமார் 82 சதவீதமும் பாதி மூட்டில் சுமார் 70 சதவீதமும் 25 வருடம் நிற்கின்றன. "10 வருசம்தான் வரும்" என்ற பேச்சை நம்பி வலியோடு காத்திருப்பவர்களுக்கு இது நல்ல சேதி.

இரண்டு, டாப்கேட் ஆய்வு. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 528 பேர். இரண்டுக்குமே பொருத்தமானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 5 வருடம் கழித்து இரு பக்கமும் மதிப்பெண் ஒரே மாதிரி. மறு ஆபரேசனும் கிட்டத்தட்ட ஒரே அளவு. செலவு பாதி மூட்டில் குறைவு.

19/
பதிவேட்டில் இரண்டு மடங்கு, ஆய்வில் சமம். எப்படி? ஒரு பெரிய விடை, செய்யும் கை. இங்கிலாந்துப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, தான் மாற்றும் முட்டிகளில் குறைந்தது 20 சதவீதமாவது பாதி மூட்டாகச் செய்யும் சர்ஜன்களிடம் மறு ஆபரேசன் குறைவாக இருந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்பவர்களிடம் அதிகம். டாப்கேட்டில் பங்கேற்றவர்கள் பழகிய கைகள்.

அதனால் "எந்த மூட்டு நல்லது?" என்பதோடு நிறுத்தாதீங்க. "ஐயா, நீங்க வருசத்துக்கு எத்தனை பாதி மூட்டு வைக்கிறீங்க?" என்றும் கேளுங்க. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லும் சர்ஜன் நல்ல சர்ஜன்.

20/
மறு ஆபரேசன்களிலேயே கொடுமையானது கிருமித் தொற்றால் வருவது. 1890ல் க்ளக்கைத் தோற்கடித்த அதே எதிரி. உலோகத்தின் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை ஊசி மட்டும் போதாது. வைத்ததைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியை இடையில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு இன்னொரு ஆபரேசனில் புது மூட்டு. இன்சால் குழு 1983ல் வெளியிட்ட இந்த இரண்டு கட்ட முறைதான் இன்றும் பல இடங்களில் வழக்கம்.

மலைவேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கால் வெடிப்பு, அட்டை கடித்துச் சொறிந்த புண், நகச்சுத்தி எதையும் ஆபரேசனுக்கு முன்னும் பின்னும் அலட்சியம் செய்யாதீங்க. சுகர் இருந்தால் கட்டுக்குள் வையுங்க. காலில் உள்ள சின்னப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி முட்டியில் குடியேற முடியும்.

21/
நம்ம நாட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் சராசரி ஒன்றரை லட்சத்துக்கு மேல். மறு ஆபரேசனுக்கான மூட்டு 1,13,950. அரசு போட்ட விலையிலேயே இரண்டாவது மூட்டு முதல் மூட்டைவிட இரு மடங்குக்கு மேல்! வலி திரும்ப வந்தும் ஒரு தோட்டத் தொழிலாளி ஏன் மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு முதல் ஆபரேசன் ஏழைகளுக்கும் எட்டியது. தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004 முதல் இருக்கு. 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடி ரயில் வந்துவிட்டது, மதுரை போவது சுலபம். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

22/
இல்லாதது ஒன்று, எண்ணும் புத்தகம். இந்திய இடுப்பு, முழங்கால் சர்ஜன்கள் சங்கம் 2006ல் ஒரு பதிவேடு தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் விரும்பியவர்கள் எழுதலாம் என்ற வகை. ஸ்வீடன் மாதிரி ஒவ்வொரு முட்டியும் அதில் விழாது.

போடியில் வீடு, இடுக்கியில் வேலை, மதுரையில் ஆபரேசன், வலி வந்தால் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை. இந்த அம்மாவின் முட்டியை யார் எண்ணுவது? ஆக்ஸ்ஃபோர்டின் 12 கேள்வியில் மண்டியிடுவது இருக்கு. ஏலச்செடித் தூரில் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார முடிகிறதா என்ற கேள்வி இல்லை. நம் முட்டிக்கான கேள்வியை நாம்தான் எழுத வேண்டும்.

23/
இப்போ சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓரகத்தியிடம் வருவோம். இவ்வளவையும் மகனுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. திரும்பிக் கேட்டேன். "பெரியம்மா, உங்க முட்டி எப்படி இருக்கு?"

"எனக்கென்ன தம்பி, ஆபரேசன் சக்ஸஸ்."

"படி எறங்குவீங்களா?"

சிரித்தார். "ரெண்டு வருசமா எறங்குறதில்ல. மலைக்கும் போறதில்ல. ராத்திரி கொடையும். டாக்டரு நல்லாத்தான் பண்ணாரு, வயசாயிருச்சுல்ல, இனி இப்படித்தானே இருக்கும்?"

இரண்டு வருடம். கூடவே வந்த ஓரகத்திக்கே முழுசாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். கீழ்ப் பாகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு. மூட்டு எலும்பில் பிடிப்பு விட்டிருக்கிறது. எந்தப் பதிவேட்டில் போட்டாலும் இதுவரை இவர் வெற்றிக் கணக்கு. என் கணக்கிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் என்னிடம்தான் வருகிறார். நான் ஒரு தடவையும் முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அது என் தவறு.

24/
செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூட்டு வைத்தவுடன் அதன் கம்பெனி, மாடல், அளவு எழுதிய ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகலை வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்க. பின்னால் திறக்க வேண்டி வந்தால் அந்தத் துண்டுக் காகிதம் தங்கம்.

வலி இல்லாவிட்டாலும் சர்ஜன் சொன்ன இடைவெளியில் போய் எக்ஸ்ரே எடுங்க. பிடிப்பு விடுவது முதலில் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

மாற்றிய முட்டி சிவந்து, சூடாகி, வீங்கினால், புண்ணிலிருந்து நீர் கசிந்தால் அன்றே சர்ஜனிடம் போங்க. கிருமி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீங்க. முட்டி நீரை எடுத்துப் பரிசோதிக்கும் முன் மருந்து போட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். காய்ச்சல், நடுக்கம் இருந்தால் நேராக அவசரப் பிரிவு.

மாற்றிய முட்டிக்குள் யாரையும் வலி ஊசி போட விடாதீங்க.

ஆபரேசனுக்கு முன்பே, "சரிவுல எறங்கி, குத்தவச்சுக் காய் எடுக்கணும்" என்று உங்கள் வேலையைச் சர்ஜனிடம் விவரமாகச் சொல்லுங்க. பாதி மூட்டில் மடக்கம் கொஞ்சம் நன்றாக இருக்கும். ஆனால் பழைய மாதிரி எடுப்பு வேலைக்குப் போகலாம் என்ற உத்தரவாதம் இரண்டிலும் கிடையாது.

25/
அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

"பாதி மூட்டுல திரும்ப ஆபரேசன் வர்றது அதிகம்ங்குறது நெசம்மா. அதுல ஒரு பங்கு மூட்டோட குறை, ஒரு பங்கு செய்யுற கையோட குறை, ஒரு பங்கு திரும்பத் திறக்க டாக்டருக்குத் துணிச்சல் வர்றதால. முழு மூட்டுல திரும்ப ஆபரேசன் குறைவுங்குறதும் நெசம். ஆனா அதுல வலியோட பேசாம இருக்குறவங்களும் இருக்காங்க. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் தேய்மானம். அடிக்கடி செய்யுற சர்ஜனா இருந்தா பாதி மூட்டு நல்ல தேர்வுதான். எதை வச்சாலும் வருசா வருசம் வந்து காட்டுங்க."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஓரகத்திக்கு ரத்தப் பரிசோதனையில் கிருமி அறிகுறி இல்லை. மதுரையில் காட்டியிருக்கிறார்கள், மறு ஆபரேசன் பேச்சு நடக்கிறது. பணமும் பயமும் இன்னும் பாக்கி.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் முட்டி மாற்றிய அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ இருப்பார்கள். இன்றைக்குப் போன் போட்டுக் கேளுங்க. "நல்லாருக்கேன்" என்று சொன்னதும் வைத்துவிடாதீங்க. "படி எறங்குறியா? ராத்திரி தூங்குறியா?" என்று கேளுங்க.